தட்டாங்கரை அணியின் ஏழாம் நம்பர்

சங்கரலிங்கத்துக்குக் கபடி ஆடத் தெரியாது. இதைச் சொன்னால் அவருக்குக் கோபம் வராது. அவரே முதல் ஆளாகச் சொல்லிவிடுவார். பதினெட்டு வயதில் ஒரே ஒரு முறை களத்தில் இறங்கினார். போன முதல் ரைடிலேயே எதிர் அணிக்காரர்கள் மேலே விழுந்து காறை எலும்பு முறிந்துபோனது. கட்டுப் போட்டுக்கொண்டு ஒன்றரை மாதம் வீட்டில் கிடந்தார். ஆடத்தான் கொடுத்து வைக்கவில்லை, எழுதவாவது செய்வோம் என்று ஸ்கோர் மேசையில் போய் உட்கார்ந்தவர், அதற்கப்புறம் முப்பது வருடமாக அந்த இடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

பிழைப்புக்குச் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வெட்டு மிஷின் ஓட்டினார். பட்டாசு லேபிளோ காலண்டரோ எதுவானாலும் அவர் கைக்கு வந்து, ஓரம் வெட்டுப்பட்டுத்தான் வெளியே போக வேண்டும். மயிரிழை தப்பினாலும் ஆயிரம் தாள் குப்பைக்குப் போய்விடும் என்பதால் கணக்கான மனிதராக வளர்ந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழாயிரம்பண்ணையைச் சுற்றிய ஊர்களில் எங்கே கபடிப் போட்டி நடந்தாலும் நோட்டும் இரண்டு பேனாவுமாகப் பஸ் ஏறுவார். அப்படிச் சேர்ந்த நோட்டுகள் மட்டும் நாற்பத்தொன்று. அவர் மனைவி சோலையம்மாள், "அரிசி மூடைக்கு வீட்டுல எடமில்ல, கபடி நோட்டுக்கு மட்டும் பீரோ" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

ஸ்கோர் எழுதுவதில் சங்கரலிங்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆட்டக்காரன் முகத்தைப் பார்க்க மாட்டார். பனியனில் இருக்கிற நம்பரை மட்டும் பார்ப்பார். இதற்குக் காரணம் இருந்தது. ஊர்ப் போட்டிகளில் அந்தந்த ஊர்க்காரர்கள்தான் ஆட வேண்டும் என்பது விதி. காலையிலேயே ஏழு பேரின் பெயரும் நம்பரும் எழுதிய பட்டியலை ஒவ்வொரு அணியும் கொடுத்துவிட வேண்டும். ஆனால் கொடுத்த பெயர்க்காரன் வந்து சேர்வதற்குள் ஆயிரம் தடங்கல் வரும். ஒருவனுக்குக் கம்பெனியில் லோடு ஏற்றும் வேலை, ஒருவன் மனைவிக்குப் பிரசவ வலி. உடனே பக்கத்து ஊரிலிருந்து ஒருவனைப் பிடித்துவந்து, அதே பனியனை மாட்டி, அதே பெயரில் இறக்கிவிடுவார்கள். இதை எல்லா ஊரும் செய்தது, எல்லா ஊருக்கும் தெரியும். முகத்தைப் பார்த்தால் வம்பு. நம்பரைப் பார்த்து எழுதினால் வேலை முடிந்தது.

இப்படிப்பட்டவர் புத்தகம் எழுதப் புறப்பட்டது விருதுநகர் நூலகத்தால் வந்த வினை. அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்த நூலகத்தில் ஒரு மணி நேரம் உட்கார்வார். விளையாட்டு அலமாரியில் ஒரு முழ நீளத்துக்குக் கிரிக்கெட் புத்தகங்கள் இருந்தன. எந்த நாட்டுக்காரன் எந்த மைதானத்தில் எத்தனை ஓட்டம் எடுத்தான், அவனுடைய ரசிகர்கள் எப்படிக் கத்தினார்கள் என்பதெல்லாம் படத்தோடு போட்டிருந்தார்கள். சங்கரலிங்கம் அதையெல்லாம் விடாமல் படித்தார், படிக்கப் படிக்க வயிற்றெரிச்சல் கூடியது. எங்கோ இருக்கிறவன் கைவிரல் சுளுக்கியதுகூடப் புத்தகத்தில் இருக்கிறது, நம்ம ஊர்ப் பயல்கள் விலா எலும்பு ஒடிய ஆடியது ஒரு துண்டுத் தாளில்கூட இல்லையே என்று நினைத்தார். அன்றைக்கே எழுத ஆரம்பித்துவிட்டார்.

இரண்டு வருடம் எழுதினார். வெட்டு மிஷினில் கழிகிற துண்டுத் தாள்களில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதி எழுதி, நூற்று இருபத்தெட்டுப் பக்கத்துக்கு ‘ஏழாயிரம்பண்ணை வட்டாரக் கபடி: ஆட்டங்களும் ஆட்டக்காரர்களும்' என்று ஒரு புத்தகம் தேறியது. நோட்டில் இல்லாத ஒரு வரியும் அதில் கிடையாது என்பது அவருடைய பெருமை. 2007 பொங்கல் கழிந்து, காலண்டர் சீசன் முடிந்து மிஷின்கள் சும்மா கிடந்த மாசி மாதத்தில், மிச்சத் தாளில் ஐந்நூறு பிரதி அடித்துக்கொள்ள முதலாளி சம்மதித்தார். பங்குனிப் பொங்கலுக்குத் தட்டாங்கரை ஊர்ப் போட்டியில் வெளியிடுவதென்று முடிவாயிற்று. தட்டாங்கரை சோலையம்மாள் பிறந்த ஊர்.

அச்சடித்த தாள்கள் பதினாறு பதினாறு பக்கமாக, பாரம் பாரமாக மடிப்புக்கு வந்தன. மடிப்பு வேலை பெண்களுடையது. அதில் முருகம்மாள் என்பவள் கொஞ்சம் விசித்திரம். அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கற்றுக்கொண்டவள், கற்ற நாளிலிருந்து கையில் அகப்பட்டதையெல்லாம் வாசிப்பாள். பஞ்சாங்கம், ஜெபப் புத்தகம், வைத்தியக் குறிப்பு எதையும் விட மாட்டாள். தன் பங்குக்கு வருகிற பாரத்தோடு கதை பாதியில் நின்றுபோகிறது என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே குறை.

நாலாவது பாரம் மடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று எழுந்து தாளோடு வெட்டு மிஷினுக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, இந்த அம்பத்தேழாம் பக்கத்துல தப்பா எழுதிருக்கீக."

"எழுத்து எதும் விட்டுப்போச்சா தாயி?"

"எழுத்தெல்லாம் சரியா இருக்கு. ஆளுதான் தப்பு."

சங்கரலிங்கம் மிஷினை நிறுத்தினார். அந்தப் பக்கம் அவருக்கு மனப்பாடம். 1989 பங்குனி இறுதி ஆட்டம், புத்தகத்திலேயே அவருக்குப் பிடித்த இடம். ஓடைக்குளம் 27, தட்டாங்கரை 24. பொழுது சாய்கிறது. கடைசி ரைடு. தட்டாங்கரையின் ஏழாம் நம்பர் உக்கிரபாண்டி ‘கபடி கபடி' என்று பாடிப் போகிறார். நால்வர் மேலே விழுந்து அமுக்க, நால்வரையும் சுமந்துகொண்டு தவழ்ந்து நடுக்கோட்டைத் தொடுகிறார். நாலு புள்ளி. தட்டாங்கரை 28, ஓடைக்குளம் 27. இதில் தப்பு எங்கே இருக்கிறது?

"அன்னைக்கு ஆடுனது உக்கிரபாண்டி அண்ணன் இல்ல அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரரு கருத்தப்பாண்டி" என்றாள் முருகம்மாள். "எனக்கும் தட்டாங்கரைதான். நான் கோயில் சொவத்து மேல ஏறி உக்காந்து பாத்தேன். பாத்த அன்னைக்கே, கட்டுனா இந்த ஆளத்தான் கட்டுறதுன்னு முடிவு பண்ணிட்டேன். எந்த ஊருன்னு கேட்டா ஒருத்தரும் சொல்லல. இருக்கன்குடிப் பக்கம்னு மட்டும் காதுல விழுந்துச்சு. ஆடிக் கடைசி வெள்ளிக்கு அம்புட்டுக் கூட்டத்துல தேடிக் கண்டுபிடிச்சேன். எங்கய்யாகிட்ட மல்லுக்கட்டித்தான் கல்யாணம் நடந்துச்சு."

"அவரு என்ன சொல்றாரு?"

முருகம்மாளின் முகம் சட்டென்று வாடிப்போயிற்று. "அதத்தான அண்ணாச்சி நானும் கேட்டுக்கிட்டு இருக்கேன். கல்யாணமாயிப் பதினேழு வருசம் ஆச்சு. ‘நான் அங்கன வந்ததே இல்ல'ன்னு ஒரே பேச்சு. ஒருக்கா, ஒரே ஒருக்கா ‘ஆமா, நான்தான்'னு அந்த மனுசன் வாயால கேட்டுட்டாப் போதும். நான் என்ன கண்ணு தெரியாதவளா? ஆளு தெரியாமயா கட்டிக்கிட்டேன்?"

சங்கரலிங்கத்துக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. ஆனால் அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. நோட்டு பொய் சொல்லாது என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டார். சாயங்காலம் வீட்டுக்குப் போன கையோடு பீரோவைத் திறந்து 1989 நோட்டை எடுத்தார். ஏழு — உக்கிரபாண்டி என்று அவர் கையெழுத்திலேயே தெளிவாக இருந்தது. அப்பாடா என்று பக்கத்தைத் திருப்பியவர் அப்படியே நின்றுவிட்டார். ஜெயித்த அணியின் ஏழு பேரும் ஸ்கோர் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். ஆறு கையெழுத்துகள் கோணல்மாணலாக இருந்தன. ஏழாவது இடம் காலி. நாலு பேரைச் சுமந்துகொண்டு வந்து கப்பை வாங்கிக் கொடுத்தவன் கையெழுத்துப் போடாமலா போவான்?

சோலையம்மாளிடம் கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை. "உக்கிரபாண்டிக்கு அந்தப் பங்குனியிலதான அம்மை போட்டிருந்துச்சு. அவுக அம்மாவப் பாக்கப் போன நான் வாசல்ல வேப்பிலையப் பாத்துட்டுத் திரும்பி வந்தேனே. அம்மை போட்டவன் எப்படிக் கபடி ஆடுவான்? இதக்கூடக் கேக்காம நீங்க பொஸ்தகம் எழுதுனீகளாக்கும்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்றைக்கு நம்பர் ஏழு என்று எழுதியது சரிதான், அது ஸ்கோர் வேலை. ஆனால் புத்தகம் என்று வந்தபிறகு, நம்பருக்குப் பின்னால் இருந்தது யார் என்று கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை. விருதுநகர் அலமாரியைப் பார்த்து வயிறெரிந்த மனுசன், தன் ஊர் ஆட்டக்காரனையே புத்தகத்திலிருந்து தள்ளிவிட்டிருந்தார். அதை நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

மறுநாள் மதியம் லாரி செட்டுக்குப் போனார். கருத்தப்பாண்டி அங்கே பண்டல் ஏற்றுகிற வேலை பார்த்தான். ஆறடி உயரம், அகன்ற தோள், பேச்சு மட்டும் அளந்துதான் வரும். தலையில் ஒரு பண்டலை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு நின்றவனிடம் சங்கரலிங்கம் ஐம்பத்தேழாம் பக்கத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினார்.

"நல்லா எழுதிருக்கீக அண்ணாச்சி" என்றான் அவன்.

"இது நீதானப்பா?"

"கபடிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? அது உக்கிரபாண்டி. நீங்கதான் எழுதிருக்கீகளே."

"நெஞ்சுல கைவச்சுச் சொல்லு."

"கையில பண்டல் இருக்கு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுக் கருத்தப்பாண்டி லாரிப் பக்கம் நடந்தான். இரண்டு எட்டு வைத்தவன் திரும்பாமலே, "எதுனாலும் உக்கிரபாண்டியப் போயிக் கேளுங்க" என்றான்.

உக்கிரபாண்டி இப்போது ஏழாயிரம்பண்ணையில் சொந்தமாக வேன் ஓட்டினான். காலையில் பட்டாசுக் கம்பெனிகளுக்கு ஆட்களைக் கொண்டுபோய் விடுவான், சாயங்காலம் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவான். தட்டாங்கரைக் கபடிக் குழுவின் தலைவரும் அவன்தான். வருடாவருடம் பங்குனிப் போட்டியில் ‘நாலு பேரைச் சுமந்த சிங்கம்' என்று மைக்கில் கூப்பிட்டு அவனுக்கு மாலை போடுவார்கள். கம்பெனி வாசலில் வேன் நிழலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவன், சங்கரலிங்கத்தைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க அத்தான், இம்புட்டுத் தூரம்?" என்றான்.

சங்கரலிங்கம் சுற்றி வளைக்கவில்லை. நோட்டின் காலி இடத்தைக் காட்டி, "மாப்ளே, அன்னைக்கு நீ எங்க இருந்த?" என்று கேட்டார்.

உக்கிரபாண்டி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நோட்டைக் கையில் வாங்கினான்.

"படுக்கையில இருந்தேன் அத்தான். மேலெல்லாம் முத்து. எங்க பயகதான் எம் பனியன அவனுக்குப் போட்டு எறக்கி விட்டாங்க" என்றான். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "மொத வருசம் மாலை போட்டப்ப உடம்பெல்லாம் கூசுச்சு. அடுத்த வருசம் பழகிப்போச்சு. இப்ப என்னடான்னா, நானே ஆடுன மாதிரி எல்லாம் ஞாபகம் வருது. வாயில புழுதி போனது, நெஞ்சு தரையில தேஞ்சது அம்புட்டும். ஒருநா கண்ணாடி முன்னால நின்னு நெஞ்சுல தழும்பு இருக்கான்னு தேடிப் பாத்தேன்னா பாத்துக்கோங்க" என்றான்.

அவனைத் திட்டத்தான் சங்கரலிங்கம் பஸ் ஏறி வந்தார். இப்போது திட்ட வாய் வரவில்லை.

"அந்தப் பொண்ணு, முருகம்மா, பதினேழு வருசமாக் கேட்டுக்கிட்டு இருக்கு மாப்ளே. அவன் ஏன் சொல்ல மாட்டேங்கிறான்?"

"நான்தான் காரணம் அத்தான். அம்மை எறங்கித் தலைக்குத் தண்ணி ஊத்துனதும் நேர்ந்துக்கிட்டபடி இருக்கன்குடிக்குப் போனேன். அவனையும் அங்க வரச் சொல்லி, சூடம் ஏத்தி ஆத்தா மேல சத்தியம் வாங்கிட்டேன். வெளியூர் ஆளுன்னு தெரிஞ்சாக் கப்பு போயிருமேன்னு பயம், ஊரும் அதனாலதான் வாயத் தொறக்கல. ஊருல யாருகிட்டயும் சொல்லக்கூடாது, கட்டுன பொண்டாட்டிகிட்டயும் சொல்லக்கூடாதுன்னேன். அப்ப அவனுக்குக் கல்யாணமே ஆகல. வாய்க்கு வந்ததச் சேத்துக்கிட்டேன், அம்புட்டுதான். எங்க ஊருப் பொண்ணு அவனையே தேடிப்போயிக் கட்டும்னு எனக்கு எப்படித் தெரியும்? அவனும் இம்புட்டு வருசம் காப்பாத்துவான்னு யாரு கண்டா?"

"பேர மாத்தப் போறேன் மாப்ளே."

"ஓடைக்குளத்துக்காரன் வந்து கப்பக் கேட்டா?"

"கேக்க மாட்டான். அன்னைக்கு அவன் டீம்ல மூணு பேரு வெளியூரு. அவன் ஜெயிச்ச அரையிறுதிப் பக்கத்துல மூணு கையெழுத்து இல்லாததயும் நேத்துத்தான் பாத்தேன்."

உக்கிரபாண்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரித்து முடித்ததும் அவன் முகத்தில் ஏதோ ஒன்று காலியானது போல இருந்தது. கம்பெனி விட்டுப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். வேனில் ஏறிச் சாவியைத் திருகிவிட்டு, "வெள்ளிக்கிழம வேனக் கொண்டாறேன் அத்தான். அந்தப் புருசன் பொண்டாட்டியத் தயாரா இருக்கச் சொல்லுங்க" என்றான்.

சொன்னபடி வந்தான். நாலு பேருமாக இருக்கன்குடிக்குப் போனார்கள். கூட்டம் அதிகமில்லை. உக்கிரபாண்டி சூடத்தை ஏற்றிவிட்டு, பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு, "ஆத்தா, இவங்கிட்ட நான் வாங்குன சத்தியத்த நானே திருப்பிக் குடுத்துட்டேன். குத்தம் எதும் இருந்தா அது என்னோட போகட்டும். இவன விட்ரு" என்றான். சொல்லும்போது அவன் கண் கலங்கியது. கருத்தப்பாண்டி கைகூப்பி நின்றான். சூடம் அணைந்ததும் திருநீறு பூசிக்கொண்டு வேனில் வந்து உட்கார்ந்தான்.

முருகம்மாள் வழியெல்லாம் காத்திருந்தாள். சாத்தூர் தாண்டியது. கருத்தப்பாண்டி ஜன்னல் வழியாகக் கரிசல் காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தான். சிவகாசி வந்தது. இறங்கி, "போயிட்டு வாறேன் அண்ணாச்சி" என்று சங்கரலிங்கத்திடம் சொல்லிவிட்டுச் செட்டுக்குப் போய்விட்டான். முருகம்மாள் அச்சக வாசலில் நின்று புலம்பினாள். "ஆத்தாவே விட்டுருச்சு, இந்த மனுசன் விட மாட்டேங்கிறாரே அண்ணாச்சி. சொல்லாமச் சொல்லாமப் பழகி அந்த வார்த்தையே மறந்துபோச்சு போல. இனி நான் யாருகிட்டப் போயிக் கேப்பேன்?"

சங்கரலிங்கத்தால் அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. தன்னால் முடிந்ததைச் செய்தார். நாலாவது பாரம் ஐந்நூறையும் தன் கையாலேயே துண்டு துண்டாக வெட்டிப் போட்டார். முதலாளியிடம் திட்டு வாங்கிக்கொண்டு, வேறொரு மிச்சத் தாளில் அந்தப் பாரத்தை மட்டும் மறுபடி அடித்தார். முதல் தாள் வெள்ளை, இது கொஞ்சம் மஞ்சள். புத்தகத்தை மூடி ஓரத்தைப் பார்த்தால் நடுவில் ஒரு பட்டை மட்டும் நிறம் மாறித் தெரியும். கணக்கான மனிதருக்கு அது உறுத்தத்தான் செய்தது, பரவாயில்லை என்று விட்டுவிட்டார். முன்னுரையின் அடியில் காலியாக இருந்த இடத்தில், இந்நூலில் உள்ள பெயர்கள் பட்டியலில் கண்டவை, உண்மையில் ஆடியவர்கள் வந்து சொன்னால் அடுத்த பதிப்பில் திருத்தப்படும் என்று ரப்பர் ஸ்டாம்ப் செய்து ஐந்நூறு பிரதியிலும் குத்தினார். வரப்போகிற கூட்டத்தை நினைத்து அவருக்கே கொஞ்சம் கிலியாக இருந்தது.

புதிய பாரம் மடிப்புக்கு வந்த அன்று மதியம், பள்ளிக்கூட நோட்டு பண்டல்களை ஏற்றக் கருத்தப்பாண்டி அச்சகத்துக்கு வந்தான். முருகம்மாள் மடித்த தாள் ஒன்றை எடுத்து ஐம்பத்தேழாம் பக்கத்தை மேலாக வைத்து அவன் கையில் கொடுத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

கருத்தப்பாண்டி எட்டாவது வரை படித்தவன். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றபடியே வாசித்தான். உதடு அசைய, மெதுவாக, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் மூச்சு வாங்கி வாசித்தான். தட்டாங்கரையின் ஏழாம் நம்பர் பனியனில் அன்று ஆடியவர் இருக்கன்குடிப் பக்கத்துக் கருத்தப்பாண்டி என்று இருந்த இடத்துக்கு வந்ததும் நின்றான். மறுபடி முதலிலிருந்து வாசித்தான். கடைசி வரிக்கு வந்ததும் அவன் நெற்றி சுருங்கியது. நேரே வெட்டு மிஷினுக்குப் போனான்.

"அண்ணாச்சி, நாலு பேருன்னு போட்டிருக்கீக."

"ஆமா, நாலுதான்."

"நாலு இல்ல, அஞ்சு."

முப்பது வருட ஸ்கோர்க்காரருக்குச் சுரீரென்றது. எதற்காக இத்தனையும் செய்தோம் என்பதே அவருக்கு மறந்துபோனது. "அது எப்படிப்பா அஞ்சாகும்? அம்பயர் நாலு வெரலத்தான் காட்டுனாரு. நான் கண்ணால பாத்து எழுதுனது."

"அம்பயர் எம் மேல விழுந்தவங்களத்தான் எண்ணுனாரு. அதுக்கு முன்னாலயே வலது கார்னர்ல நின்னவன் குதிகால நான் தொட்டுட்டேன். அந்தப் பய வெளிய போகாம கமுக்கமா நின்னுட்டான். முப்பது தட்டாங்கரைக்கு… இல்ல, இருபத்தொம்பது. இருபத்தொம்பது, இருபத்தேழு. அதான் சரியான கணக்கு."

"அம்பயர் குடுக்காததை நான் எப்படி எழுத?"

"அவரு குடுக்காட்டி? தொட்டது நான்ல!"

மடிப்புப் பகுதியில் தாள் சரசரப்பு நின்றிருந்தது. பெண்கள் எல்லாரும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் கருத்தப்பாண்டிக்கு உறைத்தது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே பார்ப்பதென்று தெரியாமல் நின்றான்.

முருகம்மாள் எழுந்து வந்தாள். "யாரு தொட்டது?" என்று கேட்டாள்.

"நான்தாம் புள்ள" என்றான் அவன்.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகை முந்திக்கொண்டு வந்தது, அடக்கப் பார்த்தும் முடியவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்று அழுதுவிட்டு, சங்கரலிங்கத்தின் பக்கம் திரும்பி, "அஞ்சுதான் அண்ணாச்சி. நானும் எண்ணுனேன்" என்றாள்.